ஜப்பானை அறிய உதவும் கணிப்பொறி நூலகங்கள்: ஒரு மதிப்பீடு

அணுக்கருவினுள் நேர்மின்னேற்றம் கொண்ட புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளாமல் எப்படிச் சேர்ந்து கிடக்கின்றன? இக்கேள்விக்கு 1935-ஆம் ஆண்டில் 28 வயது ஜப்பானியர் ஒருவர் விடை கூறினார். எலெக்ட்ரானைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு நிறையுள்ள ஒரு துகள் அவற்றைப் பிணைக்கிறது என்றார். அப்படிப்பட்ட துகள் 1947-இல் காஸ்மிக் கதிர்களில் அகப்பட்டது. 1949-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்தான் ஹிடெகி யுகாவா.

பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் படிக்கும் இச்செய்தியின் மூலக் கட்டுரையைப் பார்க்க விரும்புகிறீர்களா? ஜப்பானிய இயற்பியல் – கணிதக் கழகத்தின் இதழில் அது ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. இன்று இணையத்தில் ஜே-ஸ்டேஜ் என்னும் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கைப்பேசி வைத்திருக்கும் எந்த மாணவரும் ஐந்து நிமிடத்தில் அதைத் திறந்துவிடலாம்.

இப்போது அதே யுகாவா தம் இளமைக் காலத்தைப் பற்றி ஜப்பானிய மொழியில் 1958-இல் வெளியிட்ட தன்வரலாற்றை இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள். நூல் பற்றிய குறிப்பு கிடைக்கும். நூலைத் தடையின்றித் திறக்க முடியாது. யுகாவா 1981-இல் மறைந்தார். ஜப்பானியச் சட்டப்படி 2051-ஆம் ஆண்டு முடியும்வரை அதற்குப் பதிப்புரிமை உண்டு.

ஒரே மனிதர், ஒரு நூல் திறந்திருக்கிறது, இன்னொன்று பூட்டியிருக்கிறது. ஜப்பானைப் பற்றி ஆராய விரும்புவோர் நாள்தோறும் காணும் நிலை இது. அந்நாட்டின் மொழி, வரலாறு, இலக்கியம், அறிவியல் ஆகியவற்றை ஆராய உதவும் எண்முறை நூலகங்கள் இன்று பல உள்ளன. அவற்றுள் முக்கியமானவற்றை இக்கட்டுரையில் எடைபோட்டுப் பார்ப்போம். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியை வாங்குமுன் நாம் சில கேள்விகள் கேட்கிறோம் அல்லவா? அதுபோல நூலகத்தையும் நான்கு கேள்விகள் கேட்கலாம். உள்ளே என்ன இருக்கிறது? தேடினால் அகப்படுமா? அகப்பட்டதைப் படிக்க முடியுமா? நாளைக்கும் அது இருக்குமா?

இதழ்களின் களஞ்சியம்

ஜே-ஸ்டேஜ் 1999-இல் தொடங்கியது. ஜப்பான் அரசின் அறிவியல் தொழில்நுட்ப முகமை இதனை நடத்துகிறது. அறிவியற் கழகங்கள் தனித்தனியே வெளியிடும் ஆயிரக்கணக்கான இதழ்கள் இங்கு ஒரே கூரையின் கீழ் உள்ளன. பெரும்பாலானவை இலவசம். பழைய இதழ்களையும் முதல் மலரிலிருந்து படம்பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். யுகாவாவின் கட்டுரை நமக்குக் கிடைப்பது இதனால்தான்.

இதன் மதிப்பை உணர டோமோனாகாவின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். குவாண்டம் மின்னியக்கவியலில் ஃபெய்ன்மன், ஷ்விங்கர் ஆகியோருடன் 1965-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஷினிசிரோ டோமோனாகா. அவர் தம் அடிப்படைக் கருத்தை 1943-இலேயே ஜப்பானிய மொழியில் அச்சிட்டுவிட்டார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆங்கில வடிவம் 1946-இல் யுகாவா தொடங்கிய புதிய இதழில் வந்தது. அவ்விதழ் 1948-இல் அமெரிக்க இயற்பியலாரின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான், தாங்கள் அப்போது எட்டியிருந்த இடத்துக்கு ஜப்பானியர் ஒருவர் தனியே வந்து சேர்ந்திருந்தார் என்பதை அவர்கள் அறிந்தனர். கருத்து பிறந்தது 1943. கடல் கடந்தது 1948. நடுவிலிருந்த ஐந்து ஆண்டுகளையும் போரும் மொழியும் விழுங்கின. நூலக வசதி என்பது வெறும் சௌகரியமன்று, அறிவு எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

ஜே-ஸ்டேஜுக்குத் துணையாக நிற்பது சைனீ. இதனைத் தேசியத் தகவலியல் நிறுவனம் நடத்துகிறது. எந்தக் கட்டுரை எந்த இதழில் உள்ளது, எந்தப் புத்தகம் ஜப்பானில் எந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது என்பதைக் காட்டும் பெரிய அட்டவணை இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களின் இருப்பு இதில் பதிவாகியுள்ளது.

ஆனால் நம் நான்காவது கேள்வியை இங்கே கேட்டாக வேண்டும். கழக இதழ்களின் கட்டுரைகளைப் பட வடிவில் வழங்கிவந்த ஒரு சேவையை அந்நிறுவனம் 2017 மார்ச்சில் முடித்துக்கொண்டது. இதழ்கள் எல்லாம் ஜே-ஸ்டேஜ் முதலிய இடங்களுக்குக் குடிபெயர வேண்டும் என்பது திட்டம். குடிபெயர்ப்பு முடியுமுன் பழைய வீடு பூட்டப்பட்டது. ஏப்ரல் மாதம் ஆய்வாளர்கள் தேடியபோது நேற்றுவரை கிடைத்த கட்டுரைகள் பல காணவில்லை. கண்டனக் குரல்கள் எழுந்தன. ஜே-ஸ்டேஜுக்கு மாறவிருந்த கட்டுரைகள் தற்காலிகமாக மீண்டும் வைக்கப்பட்டன. அச்சிட்ட இதழ் ஒன்று நூறு நூலகங்களில் இருந்தால், ஒரு நூலகத்தைப் பூட்டினாலும் தொண்ணூற்றொன்பது திறந்திருக்கும். ஒரே கணிப்பொறியில் இருப்பது அப்படியன்று. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டிலேயே இது நடந்தது என்பதை மறக்கலாகாது.

தேசிய நூலகத்தின் மூன்று வாயில்கள்

ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 1948-இல் நிறுவப்பட்டது. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி அங்கே சேர வேண்டும் என்பது சட்டம். அந்நூலகம் மெய்ஜி கால நூல்களைப் படம்பிடித்து 2002 முதல் இணையத்தில் வைக்கத் தொடங்கியது. இன்று அதன் எண்முறைத் தொகுப்புகள் உலகின் பெரும் நூற்களஞ்சியங்களில் ஒன்று.

இந்தக் களஞ்சியத்துக்கு மூன்று வாயில்கள் உண்டு. பதிப்புரிமை முடிந்த நூல்களை உலகில் எவரும் எங்கிருந்தும் பார்க்கலாம்; இது முதல் வாயில். பதிப்புரிமை உள்ளவையாயினும் கடைகளில் கிடைக்காத நூல்களை, ஒப்பந்தம் செய்துகொண்ட நூலகங்களின் திரையில் பார்க்கலாம். இது இரண்டாவது வாயில். உள்நாட்டு நூலகங்களுக்கு இது 2014-இலும், வெளிநாட்டு நூலகங்களுக்கு 2019-இலும் திறந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நூலகங்கள் பூட்டிக் கிடந்தபோது ஆய்வாளர்கள் பட்ட துன்பம் ஒரு நன்மையைக் கொண்டுவந்தது. சட்டம் திருத்தப்பட்டு, 2022 மே மாதம் முதல், பதிவு செய்துகொண்டவர்கள் வீட்டிலிருந்தே இந்நூல்களைப் படிக்க வழி பிறந்தது. ஆனால் தொடங்கியபோது அது ஜப்பானில் வசிப்போருக்கு மட்டுமே. மூன்றாவது வாயில் நூலகக் கட்டிடத்தின் உள்ளேதான் திறக்கும். அதற்கு நேரில் போகத்தான் வேண்டும்.

இந்த மூன்று அடுக்கு முறையைக் குறை சொல்வதா, பாராட்டுவதா? இரண்டும் செய்ய வேண்டும். ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் அது எந்த வாயிலைச் சேர்ந்தது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒளிவுமறைவு இல்லை. இது பாராட்டத்தக்கது. ஆனால் கடைகளில் விற்காத, ஆசிரியருக்கு ஒரு காசும் தேடித் தராத நூல்கள் வெளிநாட்டு மாணவருக்குப் பூட்டியே கிடப்பதால் யாருக்கு என்ன ஆதாயம்? டோக்கியோவில் இருப்பவர் படுக்கையில் சாய்ந்தபடி படிக்கும் பக்கத்தைப் பார்க்க, வெளிநாட்டு ஆய்வாளர் ஒப்பந்தமுள்ள நூலகம் இருக்கும் ஊரைத் தேடிப் போக வேண்டும். மின்காந்த அலைக்கு எல்லைக்கோடு தெரியாது, சட்டத்துக்குத் தெரிகிறது.

எழுத்தைப் படிக்கும் பொறி

2022 டிசம்பரில் இந்நூலகம் ஒரு பெரும் மாற்றத்தைச் செய்தது. அதுவரை பெரும்பாலான நூல்களில் பெயரையும் உள்ளடக்கப் பட்டியலையும்தான் தேட முடிந்தது. அன்று முதல் நூலின் உள்ளேயிருக்கும் சொற்களையும் தேட முடிகிறது. இதற்காக ஏறக்குறைய 24.7 லட்சம் நூல்கள், இதழ்கள் முதலியவற்றின் 22 கோடிக்கும் மேற்பட்ட பக்கப் படங்களை எழுத்துணரி நிரல் கொண்டு படிக்கச் செய்தார்கள். எழுத்துணரி என்பது படத்திலுள்ள கோடுகளையும் வளைவுகளையும் ஆராய்ந்து, இது இன்ன எழுத்து என்று ஊகிக்கும் நிரல். தான் உருவாக்கச் செய்த எழுத்துணரி நிரல் ஒன்றையும் அந்நூலகம் 2022-இல் எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு வெளியிட்டுவிட்டது. பொதுப் பணத்தில் செய்ததைப் பொதுமக்களுக்கே திருப்பித் தந்த இந்தச் செயலை மனமாரப் பாராட்டலாம்.

ஆனால் ஊகம் ஊகந்தான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுத்துணரி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எழுத்துகளைச் சரியாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு மிக நல்ல மதிப்பெண். ஜப்பானியர் பெயர்கள் பெரும்பாலும் நான்கு சீன எழுத்துகளால் ஆனவை. நான்கும் சரியாக அமைந்தால்தான் தேடலில் பெயர் அகப்படும். அதற்கான நிகழ்தகவு 0.95 × 0.95 × 0.95 × 0.95, அதாவது 0.81. ஐந்து இடங்களில் பெயர் இருந்தால் ஏறக்குறைய ஓரிடம் நழுவிவிடும். பழைய, மங்கிய அச்சில் துல்லியம் 90 விழுக்காடாகக் குறைந்தால் இந்த எண் 0.66 ஆகிவிடும், மூன்றில் ஒன்று போய்விடும்! பிழைகள் ஒன்றையொன்று சாராமல் நிகழ்கின்றன என்று கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் ஒரு பக்கம் மங்கியிருந்தால் அதிலுள்ளவை எல்லாம் சேர்ந்தே கெடும்.

ஆகவே, தேடலில் ஒரு சொல் அகப்படவில்லை என்றால் அச்சொல் நூலில் இல்லை என்று பொருளல்ல. தராசு நகரவில்லை என்பதால் எடையே இல்லை என்று சொல்வோமா? தராசின் நுட்பம் என்ன என்று முதலில் கேட்போம். இங்கும் அப்படியே கேட்க வேண்டும். நூலகமும் தேடல் விடைகளோடு இந்த எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் காட்டினால் நன்றாயிருக்கும்.

ஜப்பானிய எழுத்துமுறை தரும் தொல்லைகள் வேறு. அம்மொழியில் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. 'டோக்கியோ மாநகரம்' என்பதை மூன்று எழுத்துகளால் எழுதுவார்கள். முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்தால் டோக்கியோ. கடைசி இரண்டும் சேர்ந்தால் கியோட்டோ! எழுத்தை மட்டும் ஒப்பிடும் பொறியிடம் கியோட்டோவைக் கேட்டால் டோக்கியோவையும் அள்ளிக்கொண்டு வரும். 1940-களின் எழுத்துச் சீர்திருத்தத்தில் பல எழுத்துகளின் வடிவமும் மாறிவிட்டது. கல்வி என்னும் பொருளுடைய எழுத்துக்கு முன்பு 16 கோடுகள், இன்று 8. புது வடிவத்தைக் கேட்டால் பழைய வடிவத்தையும் தேடித் தரும் அறிவு பொறிக்கு இருக்க வேண்டும்.

ரோமன் எழுத்தில் தேடுவோர்க்கு இன்னொரு சிக்கல். ஓனோ, ஒனோ என்பவை ஜப்பானில் இரண்டு வெவ்வேறு குடும்பப் பெயர்கள். முன்னது 'பெருவெளி', பின்னது 'சிறுவெளி' என்னும் பொருள் தரும் எழுத்துகளால் அமைந்தது. குறில் நெடில் வேறுபாடு தமிழருக்குப் பிறவியிலேயே தெரியும். ரோமன் எழுத்தில் சிலர் நெடிலுக்கு மேலே கோடு இடுகிறார்கள். சிலர் ஓர் எழுத்தைக் கூட்டுகிறார்கள். பலர் ஒன்றுமே செய்வதில்லை. ஆகவே இரு குடும்பங்களும் ஒன்றாகிவிடுகின்றன. நல்ல வேளையாக, ஜப்பானிய நூலக அட்டவணைகளில் ஆசிரியர் பெயரின் ஒலிப்பையும் அசையெழுத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். தேடுவோர் அந்த அசையெழுத்துகளை மட்டுமாவது கற்றுக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். ஒரு கோடை விடுமுறை போதும்.

நிலநடுக்கமும் பழைய கையெழுத்தும்

1700-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஜப்பானின் கிழக்குக் கரையில் ஆழிப்பேரலை வந்தது. வீடுகள் சேதமடைந்தன, வயல்களில் உப்புநீர் புகுந்தது. ஊர் அதிகாரிகளும் வணிகர்களும் அதைக் குறித்துவைத்தார்கள். ஆனால் அதற்குமுன் நிலம் நடுங்கியதாக எவரும் எழுதவில்லை. தாய் இல்லாத பிள்ளைபோல் வந்த அலை அது. ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழித்து, 1996-இல், கெஞ்ஜி சடாகே முதலான ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் தாயைக் கண்டுபிடித்தார்கள். பசிபிக் பெருங்கடலின் மறு கரையில், வட அமெரிக்காவின் மேற்கே, 1700 ஜனவரி 26 இரவு நிகழ்ந்த மாபெரும் நிலநடுக்கமே அது. அங்கே கடல்நீர் புகுந்து பட்டுப்போன மரங்களின் வளையங்களும் அதே குளிர்காலத்தைத்தான் காட்டின. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்பகுதிக் கட்டிடங்களுக்கு விதி வகுப்போர் அந்த அபாயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர்க் கணக்கர் எழுதிவைத்த நாலு வரி, வேறொரு கண்டத்து மக்களின் உயிரைக் காக்க உதவுகிறது.

இப்படிப்பட்ட குறிப்புகள் இன்னும் எத்தனையோ படிக்கப்படாமல் கிடக்கின்றன. காரணம், பழைய ஜப்பானியக் கையெழுத்து. அதனைக் குசுஷிஜி என்பார்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கொடிபோல் ஓடும். ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள் உண்டு. 1900-இல் பள்ளிகளில் ஓர் ஒலிக்கு ஒரு வடிவமே கற்பிப்பது என்று முடிவு செய்தார்கள். அதன்பின் வந்த தலைமுறைகளுக்குத் தம் பாட்டனார் எழுதிய கடிதம் படிக்க முடியாத ஒன்றாகிவிட்டது. இன்று அதைச் சரளமாகப் படிப்போர் சில ஆயிரம் பேர் மட்டுமே என்று மதிப்பிடுகிறார்கள்.

இந்தப் பூட்டைத் திறக்க இரு வழிகளில் முயன்றார்கள். முதல் வழி மக்கள் வழி. கியோட்டோ பல்கலைக்கழகத்து ஆய்வுக் குழு ஒன்று 2017 ஜனவரியில் 'மின்னா தே ஹொன்கோகு' என்னும் தளத்தைத் தொடங்கியது. 'எல்லோரும் சேர்ந்து எழுத்துப்பெயர்ப்போம்' என்பது இதன் கருத்து. டோக்கியோ பல்கலைக்கழக நிலநடுக்க ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய சுவடிகளின் படங்களை முதலில் வைத்தார்கள். ஓய்வுபெற்றோரும் மாணவரும் இல்லத்தரசிகளும் ஆளுக்குச் சில வரிகளைப் படித்து இன்றைய எழுத்தில் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தினார். லட்சக்கணக்கான எழுத்துகள் இப்படியே பெயர்க்கப்பட்டன.

இரண்டாவது வழி பொறி வழி. பொறிக்குக் கற்பிக்க மாதிரிகள் வேண்டுமே! தேசிய ஜப்பானிய இலக்கிய ஆய்வு நிறுவனமும் திறந்த தரவு மானிடவியல் மையமும் சேர்ந்து 44 பழைய நூல்களிலிருந்து 4,328 வகை எழுத்துகளுக்கு 10,86,326 மாதிரிகளைத் தொகுத்து வெளியிட்டன. இதைக்கொண்டு பழகிய 'மிவோ' என்னும் கைப்பேசிச் செயலி 2021-இல் வந்தது. சுவடியின் மேல் கைப்பேசியைப் பிடித்தால் அதன் மேலேயே இன்றைய எழுத்து தோன்றும். இதனை உருவாக்குவதில் முன்னின்றவர் தாரின் கிளானுவாட் என்னும் தாய்லாந்துப் பெண்மணி. கெஞ்சியின் கதையை ஆராய வந்த இலக்கிய மாணவி அவர். ஆழமான தடத்தைப் படகோட்டிகளுக்குக் காட்ட நீரில் நடும் கம்பத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து செயலியின் பெயர் பிறந்தது. பொருத்தமான பெயர்தான்.

மதிப்பீடு என்ன? அச்சுப் பலகையில் செதுக்கி அடித்த நூல்களில் மிவோ நன்றாக வேலை செய்கிறது. அவசரத்தில் கிறுக்கிய கடிதங்களில் தடுமாறுகிறது. மனிதர் பொருளை உணர்ந்து எழுத்தை ஊகிக்கிறார். பொறி வடிவத்தைக் கண்டு ஊகிக்கிறது. ஆகவே இரண்டும் சேர வேண்டும். மக்கள் தளம் பொறியின் உதவியை 2019-இல் சேர்த்துக்கொண்டது மிகச் சரியான முடிவு. பொறி முதல் வாசிப்பைத் தருகிறது; மனிதர் அதைச் சரிபார்க்கிறார். இக்கட்டுரையில் காணும் எல்லா முயற்சிகளிலும் முதலிடம் இதற்கே தருவேன்.

நீல வானமும் எழுபது ஆண்டும்

'அவோசோரா புன்கோ' என்றால் நீலவான நூல்வரிசை. மிச்சியோ டோமிதா என்னும் எழுத்தாளரும் நண்பர்களும் 1997-இல் இதனைத் தொடங்கினர். பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தொண்டர்கள் தட்டச்சு செய்கிறார்கள். வேறொருவர் மெய்ப்புப் பார்க்கிறார். இன்று 17,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே உள்ளன. ஒவ்வொன்றின் இறுதியிலும் எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதியது, தட்டச்சு செய்தவர் யார், திருத்தியவர் யார் என்று குறிப்பிடுகிறார்கள். மூலத்தைச் சொல்லாத கோப்புகள் மலிந்த இக்காலத்தில் இந்த ஒழுக்கம் பின்பற்றத்தக்கது. அறிவியல் மாணவருக்கும் அங்கே விருந்து உண்டு. எக்ஸ்-கதிர்ப் படிகவியலில் உழைத்த இயற்பியலாளர் டொராஹிகோ டெராடாவின் கட்டுரைகளும், ஆய்வுக்கூடத்தில் 1936-இல் பனிப்படிகத்தை உருவாக்கிய உகிசிரோ நகாயாவின் எழுத்துகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆனால் இந்த நூல்வரிசைக்குப் புதிய எழுத்தாளர்களின் வருகை நின்றுவிட்டது. ஜப்பானில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுவரை இருந்தது. பசிபிக் நாடுகளின் வணிக ஒப்பந்தத்தையொட்டி 2018 டிசம்பர் 30 அன்று அது 70 ஆக நீண்டது. இன்னும் இரண்டே நாள் பொறுத்திருந்தால் 1968-இல் மறைந்தவர்களின் நூல்கள் பொதுவுடைமை ஆகியிருக்கும். இப்போது அவற்றுக்கு 2039 வரை காத்திருக்க வேண்டும். 1970-இல் மறைந்த மிஷிமா 2041-இலும், 1972-இல் மறைந்த கவபாட்டா 2043-இலும்தான் விடுதலை பெறுவார்கள். புகழ்பெற்றவர்களுக்குக் கவலையில்லை, அவர்கள் நூல்கள் கடையில் கிடைக்கும். மறுபதிப்பே காணாத சிறிய எழுத்தாளர்தாம் இந்த இருபது ஆண்டில் மறக்கப்படுவார்கள். இந்த நீட்டிப்பை எதிர்த்து இயக்கம் நடத்திய டோமிதா 2013-இலேயே மறைந்துவிட்டார்.

விலையும் ஒரு பூட்டு. பெரிய அகராதிகள், வரலாற்றுக் கலைக்களஞ்சியம் ஆகியவற்றைக் கொண்ட ஜப்பான்நாலெட்ஜ், அசாஹி, யொமியுரி நாளிதழ்களின் பழைய இதழ்த் தொகுப்புகள் எல்லாம் சந்தா கட்டும் நிறுவனங்களுக்கானவை. ஜப்பானியத் துறை இல்லாத கல்லூரிகளின் மாணவருக்கு அவை எட்டாக்கனி.

போர்க்கால ஆவணங்கள்

ஆசிய வரலாற்று ஆவண மையம் 2001 நவம்பரில் திறக்கப்பட்டது. ஜப்பானிய அரசு, வெளியுறவுத் துறை, ராணுவம் ஆகியவற்றின் பழைய ஆவணங்களை, 3 கோடிக்கும் மேற்பட்ட படங்களாக, இது இணையத்தில் வைத்துள்ளது. பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம், எந்த நாட்டவர் என்ற கேள்வியும் இல்லை. ஆங்கிலத்திலும் தேடலாம். தன் நாட்டுக்குப் பெருமை சேர்க்காத ஆவணங்களையும் ஓர் அரசு இப்படித் திறந்து வைத்திருப்பது சாதாரணமானதன்று. சயாம் – பர்மா ரயில் பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் வேலை செய்து மடிந்தனர். அந்த வரலாற்றை ஜப்பானியத் தரப்பின் தாள்களிலிருந்து ஆராய விரும்பும் தமிழர் தொடங்க வேண்டிய இடம் இது.

குறைகள் இரண்டு. ஓர் ஆவணத்தின் தொடக்கத்திலுள்ள ஏறக்குறைய 300 எழுத்துகளையே அட்டவணையில் தட்டச்சு செய்து தேடலுக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் செய்தி நூறாவது பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். மற்றது, எவராலும் தீர்க்க முடியாத குறை. 1945 ஆகஸ்டில் போர் முடிந்தபோது ஏராளமான ஆவணங்களை அதிகாரிகளே எரித்துவிட்டார்கள். எரிந்த தாளைப் படம்பிடிக்கும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. இங்கே தேடுவோர், இருப்பவற்றை மட்டுமன்றி இல்லாதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வீட்டுச் சோதனை ஒன்று

ஜப்பானிய மொழியும் தமிழும் உறவுடையவை என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள். இக்கருத்தைப் பரப்பியவர் சுசுமு ஓனோ (1919–2008). பெரிய அறிஞர், ஜப்பானிய மொழி வரலாற்றில் ஆழ்ந்த புலமையாளர். தமிழறிஞர்களின் துணையோடு நூற்றுக்கணக்கான சொற்களை ஒப்பிட்டு நூல்கள் எழுதினார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அவர் பெயர் அன்போடு நினைக்கப்படுகிறது.

ஆனால் மொழியியலாளரிற் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை? அதை அவர்கள் ஜப்பானிய மொழியில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கியோட்டோவிலுள்ள பன்னாட்டு ஜப்பானியல் ஆய்வு மையத்தின் இதழில் 1990-களில் இந்த விவாதம் நடந்தது. தமிழ் கற்ற ஜப்பானிய அறிஞரான ஹிரோஷி யமஷிடா அதில் மறுப்பு எழுதினார். ஒப்பிட்ட தமிழ்ச் சொற்களின் பொருளும் வடிவமும் சரியாகக் கையாளப்பட்டனவா, ஒலி ஒப்புமை விதிகள் கறாராக உள்ளனவா என்பவைதாம் இத்தகைய விவாதத்தின் உயிரான கேள்விகள்.

இங்கே நூலகத்தின் பங்கைப் பாருங்கள். ஓனோவின் நூல்களுக்கு 2078 முடியும்வரை பதிப்புரிமை. கருத்தைக் கூறும் நூல் எளிதில் கிடைக்காது. மறுப்போ ஆய்விதழில் இருப்பதால் தேடினால் கிடைக்கும், ஆனால் ஜப்பானிய மொழியில். நமக்கு வந்து சேர்ந்தது மேடைப் பேச்சு மட்டும். ஒரு கருத்து நம் பெருமைக்கு உகந்தது என்பதால் அதை ஏற்பது அறிவியலாகாது. ஒருவர் மறுத்தார் என்பதால் தள்ளுவதும் ஆகாது. இரு தரப்பையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த விவாதத்தில் ஜப்பானியருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: தமிழ்ச் சொல் சரியா என்று அவர்களால் உடனே சொல்ல முடியும். அதற்கு ஜப்பானியமும் கற்ற தமிழ் மாணவர் நாலு பேர் வேண்டும்.

மொழிபெயர்ப்பு நிரல்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். கட்டுரை எதைப் பற்றியது என்று அறிய அவை போதும். ஆனால் ஜப்பானிய மொழியில் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுவார்கள். யார் மறுத்தார், யாரை மறுத்தார் என்பதில் பொறி தவறினால் வாதமே தலைகீழாகும். முக்கியமான வரியைப் படித்தறிந்தவரிடம் காட்டிக் கேட்பதே முறை.

முடிவாக

நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்டோம். உள்ளே இருப்பது ஏராளம், இதில் ஐயமில்லை. பொருட்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள், நூலகங்கள் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து தேடும் ஜப்பான் சர்ச் என்னும் தளமும் 2020 ஆகஸ்டில் முழுமையாக வந்துவிட்டது. எந்தப் படத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் அது ஒவ்வொன்றின் அருகிலும் சொல்கிறது. தேடல் முன்பைவிட மிகவும் மேம்பட்டிருக்கிறது. ஆனால் அதன் பிழைவீதத்தை நாமே மனத்தில் கொள்ள வேண்டும். படிக்க முடியுமா என்றால், 1868-க்கு முந்தியவற்றைத் திறக்கப் பொறியும் மக்களும் கைகோத்திருக்கிறார்கள். இடைக்காலத்தைச் சட்டமும் விலையும் பூட்டியிருக்கின்றன. முந்நூறு ஆண்டுக்கு முந்திய ஊர்க் கணக்கைப் படிக்கலாம், நம் தந்தையர் காலத்து நூலைப் படிக்க முடியாது என்பது விசித்திரமான நிலை. நாளைக்கும் இருக்குமா என்ற கேள்விக்கு 2017-இன் அனுபவமே எச்சரிக்கை. வேண்டிய கட்டுரையைக் கண்டதும் ஒரு படி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் மாணவருக்கு ஒரு யோசனை. ஜே-ஸ்டேஜுக்குள் சென்று யுகாவாவின் 1935 கட்டுரையைத் திறந்து, முதல் இரண்டு பக்கங்களையாவது படியுங்கள். சமன்பாடுகள் உங்கள் பாடத்தில் வருபவைதாம். பிறகு அதே இதழின் அதே மலரைப் புரட்டி, அந்த ஆண்டில் ஜப்பானில் வேறு யார் யார் எதைப் பற்றி எழுதினார்கள் என்று பாருங்கள். பாடப் புத்தகம் ஒரு பெயரைத்தான் தரும். அந்தப் பெயரைச் சுற்றி எத்தனை பேர் உழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நூலகந்தான் காட்டும்.